கிலுக்கு அண்ணாச்சியின் விலாசம்

கிலுக்கு அண்ணாச்சி வாசித்த கடிதத்தில் இதுவரை யாரும் செத்ததில்லை.

எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கும் பினாங்குக்கும் பிழைக்கப் போனவர்களில் பலர் காய்ச்சலிலும் பாம்புக் கடியிலும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தச் செய்தியைச் சுமந்து வந்த கடிதம் எங்கள் தபால்காரரின் வாய்க்குள் நுழைந்து வெளியே வரும்போது, செத்தவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பான். ஊரில் பத்து வீட்டுக்கு ஒருவருக்குக்கூட எழுத்துத் தெரியாத காலம். கடிதத்தைக் கொடுப்பவரே வாசித்துக் காட்டவும் வேண்டும். அப்படி வாசிக்கும் வேலையில் அண்ணாச்சி தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தார். சாவுச் செய்தியை அவர் மூன்று தவணையாகத்தான் கொடுப்பார்.

முதல் நாள், "ஒண்ணுமில்ல கேட்டியளா, லேசாட்டு ஒரு தீனம். ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நல்ல டாக்டராம்" என்பார். கடிதத்தை மடித்துத் தன் பைக்குள்ளேயே போட்டுக்கொள்வார். மறுநாள் அதே கடிதத்தைப் புதிதாக வந்ததுபோல நீட்டி, "இன்னைக்கு எழுதியிருக்கான், கொஞ்சம் கூடுதலாக்கும்" என்பார். மூன்றாம் நாள் அந்த வீட்டாரின் உறவுக்காரர்கள் நாலுபேரை முன்னால் அனுப்பிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். அவர் எதுவும் வாசிக்க வேண்டியிருக்காது. வடக்குவிளையில் ஒரு வீட்டார் இரண்டாம் தவணையிலேயே பதறிப்போய், மண்ணுக்குள் போய்ப் பத்து நாளான மருமகனுக்குச் சுக்கும் மிளகும் பொட்டலம் கட்டிப் பார்சல் அனுப்பினார்கள். அந்தப் பார்சலைக் கூசாமல் வாங்கிக்கொண்டு போனவரும் கிலுக்குதான்.

கிலுக்கு என்றால் எங்கள் பக்கத்தில் குழந்தைகள் ஆட்டும் கிலுகிலுப்பை. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாக 'அஞ்சல்' இருந்த காலத்தில், அண்ணாச்சி பதினாறு வயதில் அஞ்சலோட்டக்காரராகச் சேர்ந்தார். மணி கட்டிய கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மணிச் சத்தம் கேட்டால் வண்டிக்காரன் ஒதுங்குவான், நாய் குரைக்கும், பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். அந்தச் சத்தம்தான் அவருக்குப் பெயராயிற்று. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பிறகு அஞ்சல் போய் இந்தியா முழுவதற்குமான தபால் வந்தது. கம்பையும் மணியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் அவர் நடக்கவே தடுமாறினார். சத்தம் இல்லாவிட்டால் கால் நகரமாட்டேன் என்கிறது என்று சொல்லி, சந்தையில் ஓர் ஆட்டுமணி வாங்கித் தபால் பையில் கட்டிக்கொண்டார். மேலதிகாரி கேட்டதற்கு, "ஆடுகளுக்கு மட்டுந்தானா சார் வழி விடணும்?" என்றாராம்.

எனக்கும் அவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. என் அப்பா பனையேறி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான், ஒரு பெண்பிள்ளை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. பதினொரு வயதில் அந்தக் கழுத்து இன்னும் நீளம். ஒருநாள் கொழும்பில் இருந்த சித்தப்பாவைப் பற்றிக் கடிதம் வந்தது. அண்ணாச்சி முற்றத்தில் நின்று, "ஒண்ணுமில்ல கேட்டியளா" என்று ஆரம்பித்தார். நான் அவர் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினேன். "எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று சொல்லி, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தக் குறிகளோடு வாசித்தேன். சித்தப்பா எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இறந்தார், எங்கே புதைத்தார்கள், ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அம்மா தரையில் கிடந்தாள். சித்தி கிணற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து இழுத்துவந்தது கிலுக்கு அண்ணாச்சிதான்.

எல்லாம் அடங்கிய பிறகு என் பக்கம் வந்தார். "நீ நல்லாட்டு வாசிச்சா மக்கா. ஒரு எழுத்துகூட தப்பல்ல" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் அதைச் சொல்லித் திரிந்தேன். ஊரும் சொல்லித் திரிந்தது.

ஆறு வருஷம் கழித்து நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். தேறிய மாதமே சபைப் போதகர் கூப்பிட்டு, வேலைக்குப் போய்விட்ட பெரியவர்கள் சிலர் அதே பரீட்சையைத் தனியாக எழுத ஆசைப்படுகிறார்கள், சாயங்காலம் ஞாயிறு பள்ளி அறையில் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்டார். போய்ப் பார்த்தால், ஆறு வயதுக் குழந்தைகளுக்குச் செய்த பெஞ்சுகளில் முழங்கால் தாடையில் இடிக்க ஏழு பேர். நெசவுக்கூட மேஸ்திரி, தூங்குவதற்கென்றே வரும் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், இன்னும் சிலர். கடைசிப் பெஞ்சில் ஆட்டுமணி சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, நீங்களா?"

"கிளாசுக்குள்ள நீ டீச்சர், நான் பையன். வெளிய வந்தா நீ மக்கா, நான் அண்ணாச்சி. செரியா டீச்சர்?"

அவருக்கு அது விளையாட்டில்லை. தபாலாபீசில் குமாஸ்தா வேலைக்குப் போகவேண்டுமானால் எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும், நாற்பது வயதுக்குள் வேண்டும். இருபது வருஷம் கம்போடு ஓடியும் பையோடு நடந்தும் அவருடைய வலது முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மழைக்காலத்தில் படி ஏறும்போது பல்லைக் கடிப்பார். குமாஸ்தா என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து முத்திரை குத்தலாம். "அந்த 'டக்கு'ன்னு ஒரு சத்தம் உண்டே டீச்சர், அதை இருந்த இருப்புல கேக்கணும்" என்பார். வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வயதிலும் ஒரு கொடுமை: அஞ்சலில் சேர்த்துக்கொண்டவர் ஒல்லிப் பையனைக் கொஞ்சம் பெரியவனாகக் காட்ட இரண்டு வயதைக் கூட்டி எழுதியிருந்தார். உண்மையில் முப்பத்தாறு, காகிதத்தில் முப்பத்தெட்டு. ஆக, படிக்க இரண்டு வருஷம், எழுத ஒரே ஒரு பரீட்சை.

மாணவராக அவர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. உட்கார்ந்தால் அவருக்கு எதுவும் மண்டையில் நிற்காது. நடந்தால்தான் நிற்கும். ஆகவே சரித்திரத்தை அவர் தன் தபால் வழியில் வீடு வீடாகப் பட்டுவாடா செய்தார். முக்குச் சாயாக்கடை பாபர். கொல்லப்பட்டறை ஹுமாயூன். அதற்கடுத்த ஓட்டு வீடு அக்பர். இரண்டே மாதத்தில் ஊரே இதைப் பிடித்துக்கொண்டது. "பாபர் கடையில ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்" என்று போதகரே சொல்லும்படி ஆயிற்று. ஒருநாள் வகுப்பில் அக்பருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார்.

"ஜஹாங்கீர், அண்ணாச்சி!"

"அவரு வீட்டைப் பூட்டிக்கிட்டு மவளுக்க பிரசவத்துக்குக் கொல்லம் போயிருக்காரு டீச்சர். நாலு நாளா நான் அந்த வாசல்ல ஏறல்ல. பின்ன எப்படி ஓர்மை வரும்?"

அல்ஜீப்ரா அதைவிட மோசம். 'எக்ஸ்' என்பது யாரென்று தெரியாது, நாம்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று நான் விளக்கியபோது அவருடைய தொழில் ரத்தம் கொதித்துவிட்டது. "பேரும் தெரியாது, ஊரும் தெரியாது, இவனை நான் என்னத்துக்குத் தேடணும்? அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்பணும். அதாக்கும் சட்டம்" என்றார். தூங்கிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் எழுந்து, "ஆளைத் தேடணும்னா ஸ்டேஷன்ல எழுதிக் கொடும் ஓய்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

பூகோளத்தில் மட்டும் அவரை அசைக்க முடியாது. புத்தகம் தேவையே இல்லை. உலகத்தில் எங்கே மழை, எங்கே ரப்பர், எங்கே தகரச் சுரங்கம், எல்லாம் அவர் பையில் வந்து இறங்கியவை. இலங்கையின் தட்பவெப்பம் பற்றிக் கேட்டால், "இப்போ மழை. மேலவிளைக்காரன் நேத்துத்தான் எழுதியிருக்கான், குடை அனுப்பச் சொல்லி" என்பார். பேச்சிப்பாறையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று அணைக்கட்டுக்காரரைவிட இவரைக் கேட்கலாம். எங்கள் தாலுக்கா எந்த மாகாணத்தில் சேரவேண்டும் என்று ஊரே இரண்டுபட்டு அடித்துக்கொண்ட நாட்களிலும் அவர் கவலை ஒன்றுதான்: "எங்கன வேணும்னாலும் சேரட்டும் டீச்சர், விலாசத்தை மட்டும் ஒழுங்காட்டு எழுதச் சொல்லு."

விலாசம் அவருக்கு வேதம். அனுப்புகிறவர் பெயரும் ஊரும் எழுதாத கடிதத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். "அநாதைப் பிள்ளையை ரோட்டுல விட்டமாதிரி" என்பார். நான் கொடுக்கும் பயிற்சித் தாள்களில்கூடப் பெயர், வீட்டுப்பெயர், ஊர், தபாலாபீஸ், தாலுக்கா ஐந்தும் இருக்கும். சிரித்துக்கொண்டு திருத்திக் கொடுப்பேன். சிரித்தேன் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரை விடவில்லை. "இன்னொருத்தர் கடிதத்தை மாத்தி வாசிக்கறது பொய்யில்லையா அண்ணாச்சி? படிச்சவங்க செய்யக்கூடிய காரியமா?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். பதினெட்டு வயது, கையில் சுண்ணாம்புக் கட்டி, கேட்கச் சொல்லவா வேண்டும்? அவர் தலையைச் சொறிந்தார். "படிச்சு முடிச்ச பொறவு விட்டுருகேன் டீச்சர்" என்றார்.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. அவரே கொண்டுவந்து எல்லோருக்கும் பட்டுவாடா செய்து, தனக்குத் தானே ஒன்றைக் கொடுத்துக்கொண்டு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"பின்பக்கம் பொடி எழுத்துல என்னமோ அச்சடிச்சிருக்கே டீச்சர். இங்கிலீசு. எனக்குக் கண்ணு பிடிக்கல்ல. வாசிச்சுச் சொல்லுதியா?"

நான் கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது ஒண்ணுமில்ல, பேனாவும் மையும் கொண்டு போகணும், நேரத்துக்குப் போகணும், அவ்வளவுதான்" என்றேன்.

அந்தப் பின்பக்கத்தை நான் என் வாழ்க்கையில் வாசித்ததே இல்லை. நான் பரீட்சை எழுதிய வருஷம் எங்கள் தலைமை ஆசிரியை எங்களை வரிசையில் நிறுத்தி, செய்யக்கூடாதவற்றையெல்லாம் சொல்லி அனுப்பினார். அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்று நினைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் போகாத வீட்டிலிருந்து வந்த நான், பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மட்டுமே தெரிகிற விஷயங்கள் உண்டு என்பதை அதற்குள் மறந்திருந்தேன்.

நாகர்கோவிலில் பரீட்சை. கடைசி நாள் பூகோளம்; அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். முதல் நாட்களில் மேற்பார்வையாளருக்கும் அவருக்கும் சண்டை. மேஜைக்கடியில் இரண்டு காலும் நடந்துகொண்டே இருந்தால் யார்தான் சந்தேகப்படமாட்டார்கள்? "சரித்திரம் எழுதும்போது நடக்காம எப்படி சார்?" என்று கேட்டாராம். அந்தத் தாள்களையெல்லாம் மணியடித்த பிறகு பிடுங்கித்தான் வாங்கினார்கள். பூகோளத்தை மட்டும் அரைமணி நேரம் முன்னாலேயே முடித்துவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. "இன்னைக்குத்தான் மக்கா வேலையைச் சுத்தமாட்டு முடிச்சேன். மத்த பேப்பரையெல்லாம் அவசரத்துல அநாதையாட்டு விட்டுட்டேன். இதை அப்படி விடல்ல."

நான் கேள்வித்தாளில் அவருக்கு எத்தனை மார்க் வரும் என்று கூட்டிக்கொண்டிருந்தேன். "நல்லது அண்ணாச்சி" என்றேன். எழுபதுக்குக் குறையாது என்று எனக்கு ஒரே சந்தோஷம். என் முதல் மாணவர் அல்லவா!

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் மணிச்சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது. பழுப்பு உறை ஒன்றை ஏற்கெனவே பிரித்துக் கையில் வைத்திருந்தார். தொப்பி மற்றக் கையில் இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல கேட்டியா மக்கா. எல்லாத்துலேயும் பாஸ். பூகோளத்துல மட்டும் அஞ்சு மார்க் கொறவு."

"பூகோளத்திலயா? நீங்களா? கொண்டாங்க, பார்க்கட்டும்."

"இதுல என்னத்தைப் பாக்குறதுக்கு? நீ நல்லாட்டுத்தான் சொல்லித் தந்தா. எனக்க மண்டை அவ்வளவுதான்." மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இரண்டு வருஷ உழைப்பு! கவனமில்லாமல் எழுதியிருக்கிறார் என்று அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன்.

நான்காம் நாள் அவர் மனைவி வந்தாள். நான் மைனி என்று கூப்பிடுவேன். இடுப்பில் வைத்திருந்த ஓலை அரிசிப் பெட்டிக்குள்ளிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்து நீட்டினாள்.

"இதை வாசிச்சுச் சொல்லு பிள்ளே. பாஸாயிட்டேன், ஆனா ஆபீசுல காலியிடம் இல்லைன்னு எழுதியிருக்குன்னாரு. பாஸான மனுசன் நாலு நாளா கஞ்சி குடிக்காம இருப்பாரா? இவரு வாசிக்கத நான் நம்பமாட்டேன். ஊருக்கே மாத்தி வாசிக்கவரு."

மூன்றே வரி. தட்டச்சு ஆங்கிலம். நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் அவர் தானே வாசித்திருக்கக்கூடியது. பூகோள விடைத்தாளில் பரீட்சார்த்தி தன் பெயரையும் முழு விலாசத்தையும் எழுதித் தன்னை வெளிப்படுத்தியிருப்பதால், ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்ட விதிப்படி அந்தத் தாள் ரத்து செய்யப்படுகிறது. ஆகவே தேர்ச்சி இல்லை.

ஒரே கடிதத்தைக் கிலுக்கு மைனிக்கு ஒருவிதமாகவும் எனக்கு ஒருவிதமாகவும் வாசித்திருக்கிறார். மைனிக்கு வாசித்தது மைனிக்காக. எனக்கு வாசித்தது எனக்காக.

"என்ன பிள்ளே, அவரு சொன்னது நேர்தானா?"

சித்தப்பாவின் சாவை நிறுத்தக் குறியோடு வாசித்த வாய் இது. மாற்றி வாசிப்பது பொய் என்று ஊர்முன் கேட்ட வாய்.

"ஆமா மைனி. பாஸ்தான். காலியிடம் இல்லைன்னுதான் போட்டிருக்கு."

அவள் முகம் தெளிந்தது. "நீ சொன்னா செரி. நீ வாசிச்சா ஒரு எழுத்து தப்பாதுன்னு ஊருக்கே தெரியுமே" என்று சொல்லி உறையை வாங்கிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள்.

மாற்றி வாசிப்பதிலும் தினுசுகள் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் மாற்றி வாசித்ததெல்லாம் கேட்கிறவர்களைக் காப்பாற்ற. நான் மாற்றி வாசித்தது என்னைக் காப்பாற்ற.

மறுநாள் வாய்க்கால் கலுங்கின் கைப்பிடிச் சுவரில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணாச்சி, அந்தப் பின்பக்கத்தை நான் வாசிச்சுச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

கண் சிமிட்டாமல் என்னைப் பார்த்தார். "எந்தப் பின்பக்கம் மக்கா? அதுல பேனாவும் மையும் கொண்டு போகணும்னுதானே போட்டிருந்துது? நான் கொண்டு போனேனே" என்றார். எழுந்து பையைத் தோளில் மாட்டினார். மணி சத்தம் போட்டது. அன்றைக்கு எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கே அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அவருக்கு இப்போது காகிதத்தில் நாற்பத்தொன்று. இன்னும் நடக்கிறார். பாபர் கடையில் சாயா குடிக்கிறார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என் நியமன உத்தரவைக் கொண்டுவந்து தந்தவரும் அவர்தான். அதை மட்டும் மாற்றாமல் வாசித்தார், இரண்டு தடவை, தெருவுக்கே கேட்கும்படி. சாயங்கால வகுப்பு இன்றும் உண்டு. முதல் நாள் முதல் பாடமாக ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தை வாசிக்கிறேன்.

இந்தப் பத்திரிகையும் எங்கள் ஊருக்கு அவர் பையில்தான் வரும். வரும் வழியில் கலுங்கில் உட்கார்ந்து படித்துவிடுவார். வீட்டில் மைனிக்கு வாசித்துக் காட்டும்போது, நான் செய்த தப்பு வருகிற இடத்தையெல்லாம் தாண்டிப் போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரியும். வேண்டாம் அண்ணாச்சி. இந்த ஒன்றை மட்டும் உள்ளது உள்ளபடி வாசியுங்கள். அதற்காகத்தான் அடியில் பெயர், வீட்டுப்பெயர், ஊர், தபாலாபீஸ், தாலுக்கா எல்லாம் ஒழுங்காட்டு எழுதி அனுப்புகிறேன்.